வில்மா ருடால்ஃபின் கதையைப் பள்ளி மைதானத்தில் சொல்வது எப்படி

விளையாட்டு விழா நெருங்கினால், யாராவது ஒரு பெரிய வீரரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும் வேலை பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியரின் தலையில்தான் விழும். அப்போது நம்மில் பலருக்கு உடனே கைகொடுப்பது வில்மா ருடால்ஃபின் கதை. இளம்பிள்ளை வாதம் தாக்கி, காலைத் தாங்கும் இரும்புச் சட்டமான காலிப்பர் போட்டு நடந்த ஒரு கறுப்பினச் சிறுமி வளர்ந்து, 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஓடி மூன்று தங்கப் பதக்கம் வென்றார் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி, "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு" என்று முடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். வேலூர் மாவட்டத்துப் பள்ளிகளில் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இறங்கினேன்.

1998ஆம் ஆண்டு, ஒடுகத்தூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் அதே கதையை அதே முடிவோடு சொல்லிவிட்டு மைக்கைச் சுற்றிவைத்துக்கொண்டிருந்தபோது, ஏழாம் வகுப்பில் படித்த ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். இடது காலில் காலிப்பர். முழங்கால் பூட்டுப் போடும் இடத்தில் இரும்பு துருப்பிடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவியிருந்தது, அதில் மைதானத்துச் செம்மண் ஒட்டியிருந்தது. "சார், அந்த அக்காவுக்கு மனசு இருந்துச்சு, கால் நல்லாயிடுச்சு. அப்ப எனக்கு மனசு இல்லையா சார்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டாள். நான் ஏதோ சொல்லி அனுப்பிவைத்தேன். என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில் இல்லை, அது பதிலாக இருந்திருக்காது என்பது மட்டும் தெரியும். அதன் பிறகு இந்தக் கதையைச் சொல்லும் விதத்தை முழுதாக மாற்றிக்கொண்டேன். அந்த முறையைத்தான், முதன்முதலாகச் சொல்லப்போகும் ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலத்தையும் இடத்தையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளை நிற்கவைத்துச் சொல்லும் கதை இதுவன்று. நம் ஊர் வெயிலில் பத்தாவது நிமிடத்தில் யாராவது மயங்கி விழுவார்கள், கதை அத்தோடு முடிந்துவிடும். கடைசி இரண்டு பாடவேளைகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, வேப்பமரத்தடியில் உட்காரவைத்து இருபது நிமிடம் பேசிவிட்டு, மீதி நேரத்தை மைதானத்தில் செலவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒன்றாக அமர்ந்தாலும் பரவாயில்லை.

கதையை ரோமில் தொடங்காதீர்கள், பேருந்தில் தொடங்குங்கள். வில்மா 1940 ஜூன் 23 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் நகரை ஒட்டிய செயிண்ட் பெத்லெகம் என்ற ஊரில், குறைமாதத்தில் இரண்டு கிலோ எடையோடு பிறந்தார். தந்தை எட் ரயில்வேயில் சுமை தூக்குபவர். தாய் பிளான்ச் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். தந்தையின் இரண்டு திருமணங்களிலும் சேர்த்துப் பிறந்த இருபத்திரண்டு பிள்ளைகளில் வில்மா இருபதாவது. நிமோனியாவும் செம்புள்ளிக் காய்ச்சலும் மாறி மாறி வந்த உடம்பில் போலியோவும் சேர்ந்துகொண்டு இடது காலை வலுவிழக்கச் செய்தது. அந்த ஊரில் இருந்த மருத்துவ வசதிகளில் பெரும்பாலானவை வெள்ளையருக்கு மட்டுமே உரியவை. ஆகவே கறுப்பின மக்களுக்காக நாஷ்வில் நகரில் நடந்துவந்த மெஹாரி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம், தாய் மகளை வாரம் ஒருமுறை பேருந்தில் அழைத்துச் சென்றார். இப்படி இரண்டு ஆண்டுகள் போய்வந்தார்கள். கறுப்பினத்தவர் பேருந்தின் பின்பகுதியில்தான் உட்கார வேண்டும்.

80 கிலோமீட்டர் என்று எண்ணாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற தூரம் என்று சொல்லி, கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர் என்று வழியில் வரும் ஊர்களை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். போளூரிலிருந்தும் ஆரணியிலிருந்தும் விடியற்காலைப் பேருந்தில் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சாப்பாட்டுக் கூடையும் பழைய சீட்டுகள் நிறைந்த பையுமாக, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கும் தாய்மார்களைப் பார்க்காத பிள்ளை இந்த மாவட்டத்தில் இருக்காது. வில்மாவின் அம்மா அவர்களில் ஒருவர் என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருங்கள். பெரும்பாலும் ஒரு பிள்ளையாவது, "எங்க பாட்டி கூட அப்படித்தான் எங்க மாமாவைத் தூக்கிக்கிட்டு வந்துச்சாம்" என்று ஆரம்பிக்கும். அதைச் சொல்லி முடிக்க விடுங்கள். நீங்கள் தயாரித்து வந்த எதைவிடவும் அது உதவியாக இருக்கும்.

அடுத்து, காலைப் பிடித்துவிட்ட கதையைச் சொல்லுங்கள். நாஷ்வில் மருத்துவமனையில் காலை எப்படி நீவிவிட வேண்டும், எப்படிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று தாய் கற்றுக்கொண்டு வந்தார். வீட்டில் மூத்த பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். முறைவைத்து ஒரு நாளைக்கு நான்கு தடவை செய்தார்கள். இந்த இடத்தில் நான் கரும்பலகையில் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். நாளைக்கு நான்கு என்றால் ஆண்டுக்கு 1,460 தடவை. அந்தக் கைகள் யாருடையவை, அவர்களுடைய பெயர் எந்தப் பதக்கத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம், விளக்கம் தேவையில்லை. பன்னிரண்டு வயதுக்குள் வில்மா காலிப்பரும் சிறப்புக் காலணியும் இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். மருத்துவர் நடக்க முடியாது என்றார், அம்மா முடியும் என்றார், நான் அம்மாவை நம்பினேன் என்ற பொருளில் வில்மா சொன்ன ஒரு வாக்கு உலகெங்கும் சுவரொட்டிகளில் இருக்கிறது. அழகான வாக்குதான், ஆனால் அதை மட்டும் எடுத்துச் சொன்னால், மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நம் பக்கத்தில் சுளுக்கு எடுப்பவரிடமும் மந்திரிப்பவரிடமும் ஓர் ஆண்டை வீணாக்கிவிட்டு, மூட்டு இறுகிப்போன பிறகு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அம்மா நம்பியது உண்மை, நம்பிக்கொண்டே வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

இனி, அந்தப் பெண் கேட்ட கேள்வி. இதற்குப் பதில் உடலியல் பாடத்தில்தான் இருக்கிறது. போலியோ கிருமி முதுகுத்தண்டில் உள்ள, தசைகளை இயக்கும் நரம்பணுக்களைத் தாக்குகிறது. தொட்டால் உணர்வு இருக்கும், அசைக்கத்தான் முடியாது. சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் அணுக்கள் அழிகின்றன, சில குழந்தைகளுக்குப் பெரும்பகுதி அழிந்துவிடுகின்றன. பிழைத்திருக்கும் அணுக்கள் புதிய கிளைகளை விட்டு, அநாதையாக நிற்கும் தசை நார்களை ஓரளவு தத்தெடுத்துக்கொள்ளும். பயிற்சியும் நீவிவிடுதலும் அதுவரை தசை இறுகாமல் பார்த்துக்கொள்ளும். எத்தனை அணுக்கள் மிஞ்சின என்பதை எந்தக் குழந்தையின் மனவலிமையும் தீர்மானிப்பதில்லை. வில்மாவுக்கு ஓடும் அளவுக்கு மிஞ்சியிருந்தன. இன்னொரு பிள்ளைக்கு மிஞ்சவில்லை. கரும்பலகையில் ஒரு மரத்தையும் கிளைகளையும் வரைந்து ஐந்து நிமிடத்தில் இதை விளக்கிவிடலாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிகிறது. 1998இல் எனக்கு இந்தப் பதில் தெரிந்திருக்கவில்லை. பின்னாளில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இதோடு வேலூரின் சொந்தக் கதை ஒன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். கேரளத்தில் பிறந்து, சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954 ஜனவரியில் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவர் எழுந்து நடக்கவே இல்லை. ஆனால் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் சீர்செய்துகொண்டிருந்த பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அதே அறுவைச் சிகிச்சைகளைச் செய்யக் கற்றார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வில்மா காலிப்பரைக் கழற்றிவைத்தவர், மேரி நாற்காலியை விட்டு இறங்காதவர். இரண்டு பேரையும் அடுத்தடுத்துச் சொன்னால்தான், கால் சரியாகாத பிள்ளைக்கும் இந்தக் கதையில் உட்கார ஓர் இடம் கிடைக்கும்.

பிறகு ஓட்டத்துக்கு வாருங்கள். பிள்ளைகள் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். பள்ளியில் வில்மா முதலில் ஆடியது கூடைப்பந்து. எப்போதும் குறுக்கும் நெடுக்கும் பறந்துகொண்டிருந்ததால் பயிற்சியாளர் வைத்த பட்டப்பெயர், கொசு. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓட்டப் பயிற்சியாளர் எட் டெம்பிள் அவரைக் கண்டெடுத்துக் கோடைக்காலப் பயிற்சிக்கு அழைத்தார். பதினாறு வயதில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், 200 மீட்டரில் தொடக்கச் சுற்றிலேயே வெளியேறினார். 4x100 தொடரோட்டத்தில் வெண்கலம் கிடைத்தது. தோற்ற ஓட்டத்தையும் தவறாமல் சொல்லுங்கள். மாவட்டப் போட்டிக்குப் போய் முதல் சுற்றில் வெளியேறி, நேதாஜி விளையாட்டு அரங்கத்தின் படிக்கட்டில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் உங்கள் எதிரில்தான் இருப்பார்கள்.

பத்தாம் வகுப்புப் பெண்கள் மட்டும் இருக்கும் கூட்டமானால் இன்னொன்றையும் சொல்வேன். 1958இல், பள்ளி முடிக்கும் வயதில், வில்மா ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். குடும்பத்தார் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அவர் கல்லூரிக்குப் போனார், மீண்டும் ஓடினார். படிப்பு பாதியில் நின்றுபோன அக்காக்கள் உள்ள வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது தேவையான செய்தி என்பது என் கருத்து. சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் பள்ளியின் சூழலைப் பார்த்து நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரோம் ஓட்டத்தை வாயால் சொல்லாமல் மண்ணில் காட்டுங்கள். இருபது மீட்டர் கயிறு ஒன்றை நாடாவால் அளந்து வெட்டிக்கொண்டு, ஐந்து முறை நீட்டிப் போட்டுச் சுண்ணாம்புத்தூளால் 100 மீட்டரைக் குறியுங்கள். மைதானம் போதாவிட்டால் பள்ளிக்கு வெளியே ஏரிக்கரை ஓரமாகச் சமதளம் தேடுங்கள், தார்ச் சாலை வேண்டாம். பள்ளியின் வேகமான ஓட்டக்காரியை ஓடவிட்டு, சரியாக 11 நொடி ஆனதும் விசில் ஊதுங்கள்; ரோம் இறுதி ஓட்டத்தில் வில்மா 100 மீட்டரை முடித்த நேரம் அது. பக்கவாட்டில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளில், விசில் கேட்ட கணத்தில் அவள் யாருக்கு நேராக இருந்தாளோ அவர் அந்த இடத்தில் ஒரு கொடியை நட வேண்டும். 15 நொடியில் ஓடுகிற பெண்ணானால் கொடி 70 மீட்டரை ஒட்டி விழும். அங்கிருந்து கோடு வரை மிஞ்சியிருக்கும் 30 மீட்டர்தான் வில்மா. வெறும் கண்ணால் அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போது பிள்ளைகள் போடும் சத்தம் எந்தப் பேச்சுக்கும் கிடைக்காது. ஓடிய பெண்ணைக் கோடு வரை வேகம் குறையாமல் ஓடி முடிக்கச் சொல்லி, எல்லோரையும் அவளுக்குக் கைதட்ட வையுங்கள். அவள் தோற்றுப்போனதுபோல் ஆகிவிடக் கூடாது.

அந்த 11.0 நொடி உலகச் சாதனையாகப் பதிவாகவில்லை. முதுகுப் பக்கம் வீசிய காற்று, அனுமதிக்கப்பட்ட நொடிக்கு 2 மீட்டர் என்ற அளவைத் தாண்டியிருந்தது. நேர்மையாக இதையும் சொல்லுங்கள். ஆடி மாதத்தில் இந்த நிகழ்ச்சியை நடத்தினால் இன்னும் வசதி: காற்று தள்ளும் திசையில் ஒரு முறையும், பிள்ளைகள் களைப்பாறிய பிறகு எதிர்த்திசையில் ஒரு முறையும் ஓடவிட்டு நேரத்தை ஒப்பிடலாம். 200 மீட்டரில் தொடக்கச் சுற்றில் 23.2 நொடியில் ஒலிம்பிக் சாதனை படைத்த வில்மா, இறுதிச் சுற்றை 24.0 நொடியில் வென்றார். இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

தொடரோட்டத்தில் நேரம் செலவிடுங்கள். மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா ஆகிய நால்வரும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே பயிற்சியாளரிடம் பயின்றவர்கள். அரையிறுதியில் 44.4 நொடியில் உலகச் சாதனை. இறுதியில், மூன்றாமவர் கையிலிருந்து வில்மாவின் கைக்குக் கோல் மாறும்போது சறுக்கி, ஏறக்குறைய நழுவிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, முன்னே போய்விட்ட ஜெர்மனி வீராங்கனையைத் துரத்திக் கடந்து 44.5 நொடியில் முடித்தார். ஜெர்மனிக்கு 44.8. ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டக்களத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் என்ற பெயர் அந்தக் கோல் கீழே விழாததால் கிடைத்தது. பிளம்பர் கடையில் வாங்கிய பி.வி.சி. குழாயை 30 சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்து, முனைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டால் கோல் தயார். கொடுப்பவர் குரல் கொடுத்த பிறகுதான் வாங்குபவர் கையைப் பின்னால் நீட்ட வேண்டும், நீட்டிய கை ஆடக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. முதலில் நடந்துகொண்டும், பிறகு மெல்லோட்டத்திலும், கடைசியாக முழு வேகத்திலும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முழு வேகத்தில் கட்டாயம் கீழே விழும். விழும் ஒவ்வொரு முறையும் அந்த இறுதி ஓட்டம் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் புரியும்.

களைத்துப்போய் மீண்டும் மரத்தடிக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகு, ஊர்வலத்தைச் சொல்லுங்கள். எனக்கு இந்தக் கதையில் பதக்கங்களைவிடப் பெரியது இதுதான். ரோமிலிருந்து திரும்பும் வில்மாவுக்குக் கிளார்க்ஸ்வில் நகரம் வரவேற்பு ஏற்பாடு செய்தது. அந்த நாளில் அங்கே எந்தப் பொது நிகழ்ச்சியானாலும் வெள்ளையர் தனி, கறுப்பர் தனி. அப்படி நடப்பதானால் நான் வரமாட்டேன் என்று இருபது வயதுப் பெண் சொல்லிவிட்டார். 1960 அக்டோபர் 4 அன்று நடந்த ஊர்வலமும் விருந்தும்தான் அந்த நகரத்தின் வரலாற்றில் இரு இனத்தாரும் ஒன்றாகக் கலந்துகொண்ட முதல் பொது நிகழ்ச்சி. இதைச் சொல்லும்போது தேநீர்க் கடையின் இரட்டை டம்ளர் முறையை நீங்களாக இழுக்க வேண்டாம். பெரும்பாலும் பிள்ளைகளே கேட்பார்கள். கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். ஊர்த் திருவிழாவில் தேர் எந்தத் தெருவரைக்கும் வருகிறது என்று ஒருமுறை ஒரு பையன் கேட்டான். ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் கதையைச் சரியாகக் கேட்டிருக்கிறான் என்பதுதான் அதற்குப் பொருள்.

பின்வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெச்சூர் விதிகளால் ஓட்டத்தில் பணம் கிடையாது. 1962இல், இருபத்திரண்டு வயதில் ஓய்வுபெற்று, 1963இல் கல்வியியலில் பட்டம் பெற்று, ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தார். அதே 1963இல் தம் ஊரில் கறுப்பினத்தவரை அனுமதிக்காத உணவகத்தின் முன் நடந்த போராட்டத்தில் கலந்துகொண்டார். 1981இல் வசதியற்ற பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி தரும் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1994 நவம்பர் 12 அன்று, ஐம்பத்து நான்கு வயதில் புற்றுநோயால் இறந்தார்.

"போலியோ எங்களுக்கும் வருமா சார்?" என்ற கேள்வி எப்போதும் வரும். 1955இல் தடுப்பூசி வந்தது, வில்மாவுக்கு அது பத்தாண்டு தாமதம். இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் தாக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத பகுதி என்ற சான்று கிடைத்தது. நம் குழந்தைகளுக்கு மூன்று தவணைச் சொட்டு மருந்து போதவில்லை, கூடுதல் தவணைகள் வேண்டும் என்று ஆய்ந்து சொன்னவர் வேலூரிலேயே பணியாற்றிய நச்சுயிரியல் மருத்துவர் ஜேக்கப் ஜான் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நிகழ்ச்சி முடிந்த மறுவாரம் மாலைப் பயிற்சி தொடங்குவது வழக்கம். ஓட முடியாத பிள்ளையின் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அவரையும் சேர்த்துக்கொண்டதாக நாம் நிறைவடைந்துவிடுகிறோம். நானும் அதைச் செய்திருக்கிறேன். நேரம் பார்க்க யாரும் பார்க்கலாம். அதற்குப் பதிலாக அந்தப் பிள்ளையைக் குண்டு எறியவையுங்கள். கைப்பிடி இல்லாத, கனமான மரநாற்காலி ஒன்றை எடுத்து, நான்கு மூலையிலும் முளையடித்து, கால்களை முளைகளோடு கயிற்றால் இறுகக் கட்டுங்கள். ஆட்டிப் பார்த்தால் அசையக் கூடாது. பிள்ளையை அமரவைத்து, இடுப்பைச் சுற்றி அகலமான துணிப்பட்டையால் நாற்காலியோடு கட்டி, இரண்டு கிலோ குண்டைத் தோளிலிருந்து தள்ளச் சொல்லுங்கள். முன்னால் யாரும் நிற்க வேண்டாம். முதல் நாள் குண்டு காலடியிலேயே கூட விழலாம். நாற்காலியின் முன்விளிம்பிலிருந்து நாடாவைப் பிடித்து அளந்து, 100 மீட்டர் ஓடியவர்களின் நேரத்தை எழுதிய அதே நோட்டில், அதே பக்கத்தில், தேதியோடு எழுதிவையுங்கள்.